அந்தக் கடைசிப் பந்து யார் பேரில்

பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் மூளை ஒன்றைத் தவிர. பாஸ்கெட்பால் டீமுக்குக் கணக்கு எழுதும் வேலைக்கென்று நீ ஐதராபாத்துக்குக் கிளம்பிப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. போகும்போது ஃபிரிட்ஜ் மேல் ஒரு தாளை வைத்து, அது பறக்காமல் இருக்க உப்பு டப்பாவையும் தூக்கி மேலே வைத்துவிட்டுப் போனாய். அந்தத் தாளைத்தான் பன்னிரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன் உன் அப்பன். முதல் தடவை கணக்கில் போய்விட்டது. இரண்டாம் தடவை எப்படிப் போகாமல் தப்பியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஆளிடம் கூட்டல், பெருக்கல், வகுத்தல், போதாததற்குப் புள்ளி நாற்பத்து நாலு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். போனிலேயே கேட்டிருக்கலாம்தான். ஆனால் நான் போனில் ஏதாவது முக்கியமாக ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சாப்ட்டீங்களா" என்று கேட்டுவிடுகிறாய், நானும் சாப்பிட்டதைச் சொல்லத் தொடங்கிவிடுகிறேன். பிறகு ஆரம்பித்தது எங்கே போனதென்றே தெரிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தாளின் அடியில் நீ எழுதியிருந்த இரண்டு வரிதான் என்னை உட்காரவைத்தது. "அப்பா, நான் பிளஸ் டூல ஆடின ஃபைனலுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. போட்டு முடிச்ச பிறகும் தோணுச்சுன்னா, அந்த பஸ் ஸ்டாப் ஜோக்கை யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க." முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஜோக் அவ்வளவு நல்ல ஜோக் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது, அதாவது பன்னிரண்டு நாளுக்கு முன்பு. ஆறு வருஷமாக அதைச் சொல்லி வருகிறேன். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, கம்பெனி கேன்டீனில், ஒரு தடவை சாவு வீட்டில்கூடச் சொல்லி உன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஃபைனலில் கடைசிப் பந்து உன் கையில், ஒரு பாயிண்ட்தான் பின்னால், உன் கூட்டாளி நித்யா கூடைக்குக் கீழே தனியாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், பஸ் ஸ்டாப்பில் நின்று கையைக் காட்டுகிற மாதிரி, நம்ம பாப்பா டவுன் பஸ் டிரைவர் மாதிரி பார்த்தும் பார்க்காமல் நிறுத்தாமலே போய்விட்டாள், தானே போட்டாள், போகவில்லை, கப்பும் அந்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டது. இதுதான் ஜோக். நான் கையைத் தூக்கி நின்று காட்டுவேன், எல்லோரும் சிரிப்பார்கள்.

நீ கிளம்புவதற்கு முன்னால் நம் வீட்டில் சாப்பாடு போட்டோமே, அன்றைக்கும் சொன்னேன். உன் மாமா வேறு, "மாமா, அந்த பஸ்ஸ ஒரு தடவ ஓட்டுங்க" என்று கிளப்பிவிட்டான். நான் எழுந்து நின்று கையைத் தூக்கினேன். நித்யாவும் வந்திருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "அங்கிள், அது அப்பிடி இல்ல, அன்னிக்கு நீங்க" என்று எதையோ ஆரம்பித்தாள். நீ அவள் கையைப் பிடித்து, "உடுடி, சாம்பார் ஆறுது" என்றாய். நானும் சாம்பார்தான் ஆறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் தாள்.

தாளில் முதல் வார்த்தையிலேயே நான் தடுக்கி விழுந்தேன். 'பொசெஷன்' என்று எழுதியிருந்தாய். ஒரு ஆட்டக்காரியை அவள் அடித்த பாயிண்ட்டை வைத்து எடை போடக் கூடாது, எத்தனை பொசெஷனுக்கு எத்தனை பாயிண்ட் என்று பார்க்க வேண்டும் என்று. உனக்குத் தெரியும், இந்த வீட்டில் பொசெஷன் என்றால் ஒன்றுதான். வில்லியனூர் பக்கம் நான் வாங்கிப் போட்ட மனையில் பக்கத்து மனைக்காரர் மாட்டுக்கொட்டகை போட்டு, அதற்காக நான் வக்கீல் வீட்டுப் படி ஏறி இறங்கிய கதை. "பத்திரம் உங்ககிட்ட இருக்குது, பொசெஷன் எருமைகிட்ட இருக்குது" என்று வக்கீல் சொன்னாரே, அந்தப் பொசெஷன். பதினோரு வருஷம் ஓடியது. அதனால் நீ நாலு வருஷத்துக்கு முன்னால் காலேஜ் டீமுக்கு ஸ்கோர் எழுதப் போன இடத்திலிருந்து போன் செய்து, "இன்னிக்கு மேட்ச்ல எங்களுக்கு எழுபது பொசெஷன்ப்பா" என்றபோது, நான் உன் அம்மாவைப் பார்த்து, "உன் பொண்ணு எழுபது மனை வளைச்சுட்டா" என்றேன். அவளும் ஒரு நிமிஷம் நம்பிவிட்டாள்.

இப்போது தாளைப் படித்துப் படித்து எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. பந்து நம் கைக்கு வந்ததிலிருந்து நம் கையைவிட்டுப் போகிறவரை ஒரு பொசெஷன். அதற்கு இருபத்து நாலு செகண்டுதான் கெடு, அதற்குள் கூடையை நோக்கிப் போட்டாக வேண்டும். எருமைக்கு அந்த விதி இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஒரு ஆளைத் தனியாக அளக்க வேண்டுமென்றால், அவள் போட்ட ஷாட், அது விழுந்தாலும் விழாவிட்டாலும் ஒன்று. அவள் கையிலிருந்து பந்து பறிபோனால் அதுவும் ஒன்று. ஏனென்றால் டீமுக்குக் கிடைத்த ஒரு வாய்ப்பை அவள் செலவழித்துவிட்டாள். இதெல்லாம் கூட்டி, அடித்த பாயிண்ட்டை அதால் வகுத்தால், ஒரு வாய்ப்புக்கு எவ்வளவு கொண்டுவந்தாள் என்பது வரும். ஒன்றுக்கு மேல் வந்தால் நல்ல ஆட்டம் என்று நீ எழுதியிருந்தாய். இதுவரை சரி. அடுத்த வரியில்தான் அந்தப் புள்ளி நாற்பத்து நாலு. ஒரு ஃப்ரீ த்ரோவுக்குப் புள்ளி நாற்பத்து நாலு பொசெஷனாம். எதிராளி இடித்தால் சும்மா நின்று போடச் சொல்வார்களே, பெரும்பாலும் இரண்டிரண்டாக, அது. இரண்டு போட்டால் ஒரு வாய்ப்பு என்றால் ஒன்றுக்குப் பாதி, புள்ளி ஐந்து. அந்த மிச்சத்தை யார் எடுத்துக்கொண்டார்கள்? மூன்று நாள் இதிலேயே போயிற்று. கம்பெனியில் சேகரிடம் கேட்டேன். அவன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ண்ணா, இது ஜிஎஸ்டி ண்ணா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

விடுவித்தது உன் அம்மா. பெரிய மார்க்கெட்டிலிருந்து மீன் வாங்கிக்கொண்டு வந்து கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தேன். "அந்தத் தாள்ல கீழ என்னா எழுதியிருக்குது, முழுசாப் படிங்க" என்றாள். படித்தேன். சில சமயம் ஷாட் விழுந்த பிறகும், இடித்ததற்காகக் கூடுதலாக ஒரு ஃப்ரீ த்ரோ கொடுப்பார்கள், அதனால் சராசரியாகப் பாதிக்குக் கொஞ்சம் கீழே என்று எழுதியிருந்தாய். அவள் கத்தியை நிறுத்தாமலே, "கொசுறு" என்றாள். "இன்னாது?" என்றேன். "மீன்காரம்மா ஒரு கூறு சங்கரா குடுத்துட்டு மேல ரெண்டு பொடிசு போடுது இல்ல. அந்தப் பொடிசுக்குத் தனியா கணக்கு வப்பீங்களா? கொசுறும் கலந்து கெடக்குது, அதான் பாதிக்கு வரல. இதுக்கா மூணு நாளு." எட்டாவது படித்தவள். உனக்கு அந்த மூளை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொந்தக்காரர்கள் கேட்டால் நான் இதுவரை மேலே பார்ப்பேன். இனிமேல் சமையலறைப் பக்கம் கையைக் காட்டிவிடுகிறேன்.

அதற்கு மறுநாள் நம் ஊர் மேட்டுப்பாளையம் எஸ்டேட்டில், கம்பெனியில் என் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக நான் பிளாஸ்டிக் மூடி அடிக்கிறேன். அச்சு ஒரு தடவை வாயை மூடித் திறந்தால் எட்டு மூடி விழும். அப்படி ஒரு தடவைக்கு எங்கள் பாஷையில் என்ன பெயர் தெரியுமா? ஷாட். உன்னிடம் நான் இதைச் சொன்னதே இல்லை போலிருக்கிறது. எட்டும் சரியாக விழாது. ஒன்று பாதி நிரம்பி வரும், ஒன்று ஓரம் கிழிந்து வரும். ஷிஃப்ட் முடியும்போது வெறுமனே இத்தனை நல்ல மூடி என்று எழுதிக் கொடுத்தால் சூப்பர்வைசர் தூக்கி எறிவார். "எத்தினி ஷாட்டுக்கு?" என்பார். எத்தனை ஷாட், எத்தனை நல்லது, எத்தனை கழிவு, மூன்றும் வேண்டும். அப்போதுதான் மெஷின் எப்படி ஓடுகிறது என்று தெரியும். இருபத்திரண்டு வருஷம் நான் தினமும் போட்டுவந்த கணக்குத்தான் நீ தாளில் எழுதியிருந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு கூறு சங்கரா மீன் தேவைப்பட்டிருக்கிறது.

புரிந்துவிட்டது என்ற திமிரில் அன்று சாயங்காலமே அலமாரியிலிருந்து என் பச்சை நோட்டை எடுத்தேன். நீ ஆறாவதில் பந்து பிடித்ததிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் எல்லா மேட்சும் அதில் இருக்கிறது. அந்த நோட்டைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். அட்டை போட்டு, உன் பெயரெழுதி, சந்தனம்கூட வைத்திருந்தேன். திறந்தேன். பாப்பா பத்து. பாப்பா பதினாலு. பாப்பா ஆறு, காய்ச்சல். பக்கம் பக்கமாக இதேதான். நீ போட்டு விழாத ஷாட் ஒன்றுகூட ஒரு பக்கத்திலும் இல்லை. பறிபோன பந்து இல்லை. நித்யாவுக்கு நீ கொடுத்து அவள் போட்டது இல்லை. விழுந்ததை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு மூடி மெஷினுக்கு நான் காட்டிய நியாயத்தைக்கூட உனக்குக் காட்டவில்லை. அந்த நோட்டை வைத்துக்கொண்டு யாராலும் ஒரு கணக்கும் போட முடியாது. ஃபைனல் பக்கத்தில் 'பாப்பா 8 + 4 = 12, நித்யா 20, மூணு பாயிண்ட்ல தோல்வி' என்று இருந்தது. எட்டு, நான் கம்பெனியிலிருந்து வருவதற்கு முன்னால், பாதி ஆட்டத்தில். நாலு, நான் வந்த பிறகு. நீ அசந்துபோயிருப்பாய் என்று அன்றைக்கு நினைத்ததாக ஞாபகம்.

அவ்வளவுதான், முடியாது என்று உனக்கு எழுதிவிடலாம் என்றிருந்தேன். உன் அம்மாதான், "அது என் பழைய போன்ல கீது" என்றாள். எது என்றேன். "மேட்சு. மொத பாதி நான் எடுத்தேன். நீங்க வந்ததும் போனப் புடுங்கிட்டீங்க, மிச்சத்த நீங்க எடுத்தீங்க. நான் அழிக்கல." ஆறு வருஷமாக அந்தப் போன் அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. சார்ஜ் ஏற அரை நாள் ஆயிற்று. எனக்கு லீவு நாள், மத்தியானம், இரண்டு பேரும் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். நான் பேனாவும் தாளுமாக, பரீட்சை எழுதப் போகிறவன் மாதிரி.

உன் அம்மா எடுத்த முதல் பாதியில் கால்வாசி நேரம் வானமும் கம்பமும்தான் தெரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் இட்லி மாவு புளிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நடுநடுவே "முருகா". ஆனாலும் பந்து உன்னிடம் வரும்போதெல்லாம் கேமரா தானாக உன் பக்கம் வந்துவிடுகிறது. எழுதினேன். நாலு ஷாட், மூன்று விழுந்தது. ஒரு தடவை பந்து பறிபோனது. இரண்டு ஃப்ரீ த்ரோ, இரண்டும் உள்ளே. மற்ற நேரமெல்லாம் நீ பார்க்கிறாய், நிதானமாக, யார் எங்கே நிற்கிறார்கள் என்று, அப்புறம் கொடுக்கிறாய். நித்யா போட்டதில் முக்கால்வாசி நீ கொடுத்த பந்து. எனக்கு இதெல்லாம் புதுசு. நான் அன்றைக்கு அந்த நேரத்தில் மெஷின் முன்னால் நின்றிருந்தேன் என்பது ஒரு சமாதானம். ஆனால் நேரில் பார்த்த மற்ற மேட்சுகளிலும் எனக்கு இது தெரிந்ததில்லை. கூடையை மட்டும் பார்ப்பவனுக்குக் கை தெரியாது. நாலும் ஒன்றும், ஃப்ரீ த்ரோ இரண்டுக்கும் சேர்த்துப் புள்ளி எண்பத்தெட்டும். எட்டு பாயிண்ட்டை அந்த ஐந்து புள்ளி எண்பத்தெட்டால் வகுத்தேன், போனில்தான். ஒன்று புள்ளி முப்பத்தாறு. உன் அம்மாவிடம், "பாத்தியா, ஒண்ணுக்கு மேல" என்றேன், என்னவோ நான் சொல்லிக் கொடுத்த மாதிரி. அவள், "அடுத்தத போடுங்க" என்றாள்.

அடுத்ததில் முதலில் வந்தது என் குரல்தான். யாரோ கத்துகிறான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் எனக்கே தெரியவில்லை, உண்மையாகச் சொல்கிறேன். கேமராவைப் பிடித்தவன் வாய் மைக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் விசில் சத்தம், பந்துச் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஆள். "போடு பாப்பா, போடு. எதுக்கு அவகிட்ட குடுக்குற. நீ போடு." நீ திரும்பி என் பக்கம் பார்க்கிறாய். பார்க்கிற நேரத்தில் எதிர் டீம் பெண் தட்டிக்கொண்டு போகிறாள். அது ஒன்று. அடுத்து, "ஏன் நிக்கிற, போடு" என்று. போடுகிறாய், தூரத்திலிருந்து, வளையத்துக்கே போகவில்லை. அது ஒன்று. நான் எழுதிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில் எழுதுவதற்கு முன்னாலேயே தெரிந்துபோயிற்று. குரல் வந்தால் ஷாட், ஷாட் என்றால் வளையம், வளையத்திலிருந்து அவர்கள் கை. நடுவில் என் போனுக்குக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது போல, வீடியோவை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். மறுபடி ஆரம்பித்ததும் கொஞ்ச நேரம் குரல் இல்லை, நான் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ ஒன்று போட்டாய், அழகாக விழுந்தது. என் தாளில் ஒரே குழப்பம். முதல் தடவை எண்ணியபோது பதினொன்று வந்தது, இரண்டாம் தடவை பன்னிரண்டு. உன் அம்மா விரலில் எண்ணி, பதின்மூணு என்றாள். அவள் சொன்னதுதான் சரி. நீ போட்டுத் திரும்பி வந்த பந்தை நீயே பிடித்து மறுபடி போட்டதை நான் ஒன்றாக வைத்துவிட்டேன். பத்து ஷாட்டில் இரண்டு விழுந்தது, மூன்று பந்து பறிபோனது. நாலை பதின்மூன்றால் வகுத்தால் வருவதை எழுதக்கூட மனசு வரவில்லை.

கடைசிப் பந்தையும் பார்த்தோம். ஒரு பாயிண்ட் பின்னால். நீ நடுவில் நிற்கிறாய். நித்யா கூடைக்குக் கீழே கையைத் தூக்கி நிற்கிறாள், அது உண்மைதான், நான் ஜோக்கில் சொல்வதுபோலவேதான் நிற்கிறாள். நீ அவளைப் பார்த்துவிட்டாய். உன் தோள் அந்தப் பக்கம் திரும்புகிறது, பந்து மார்புக்கு வந்துவிட்டது, கொடுக்கப் போகிறாய். அப்போது அந்த ஆள் சொல்கிறான். "யாருக்கும் குடுக்காத பாப்பா. நீயே போடு." நீ நின்றாய். திரும்பினாய். போட்டாய். வளையத்தில் பட்டு, பந்து அவர்களிடம் போய், நம்ம பிள்ளை ஒருத்தி இடித்து, அதற்கு அவர்கள் போட்ட இரண்டு ஃப்ரீ த்ரோவும் விழுந்து, மூன்று பாயிண்டில் தோற்றோம். அதற்குப் பிறகு வீடியோவில் என் செருப்புதான் தெரிகிறது.

அன்றைக்கு ஸ்கூட்டரில் வரும்போது நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "கடைசிப் பந்த நித்யாகிட்ட குடுத்திருந்தா கப்பு நம்மளுது." நீ பின்னால் உட்கார்ந்து, கதிர்காமத்தில் வீடு வந்து இறங்கும்வரை ஷூப் பையை மடியில் அணைத்துக்கொண்டிருந்தாய். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்னால் நானே "யாருக்கும் குடுக்காத" என்று சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை பாப்பா. பொய் சொல்லவில்லை. மறைத்து வைத்திருந்து சொல்லியிருந்தால் அது ஒருவிதம், அயோக்கியன் என்று வைத்துக்கொள்ளலாம். சுத்தமாக இல்லை. எப்படி ஒரு மனுஷன் தன் வாயால் கத்தியதை அரை மணி நேரத்தில் துடைத்துப் போட்டுவிட்டு, அதே விஷயத்துக்குப் பிள்ளையைக் குறை சொல்வான்? இதுதான் எனக்குப் புரியவில்லை. உன் தாளிலும் இதற்கு வழி இல்லை. அதற்கு அடுத்த வாரம் நீ ஷூவைத் துடைத்து அட்டைப் பெட்டியில் போட்டு மேலே தூக்கி வைத்தாய். பரீட்சை வருது இல்லப்பா என்றாய். நானும் எல்லோரிடமும் படிப்புக்காக விட்டுவிட்டாள் என்று சொன்னேன், பெருமையாக.

வீடியோ முடிந்ததும் உன் அம்மாவிடம் கேட்டேன், "உனக்குத் தெரியுமா இது?"

"பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல, ஆறு வருசமா?"

"அவதான் சொல்லாதம்மான்னா. அப்பா சிரிச்சிக்கினு சொல்றாரு, சொல்லட்டும் உடுன்னா."

"இப்ப மட்டும் ஏன் கணக்கு போடச் சொன்னா?"

"வாயால சொன்னா நீங்க ஒத்துப்பீங்களா? பதினோரு வருசம் எருமைகிட்ட சண்ட போட்ட ஆளு." அப்புறம் போனை என் கையிலிருந்து வாங்கிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "இனிமே மேட்சு மேட்சுனு அவ அதத்தான எழுதப் போறா. கெளம்புறதுக்கு முன்ன மொதல்ல இதத் தீக்கணும்னு நெனச்சாளோ இன்னவோ" என்றாள்.

உனக்குப் புத்தி சொல்லுகிற யோக்கியதை எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் கடிதம் என்று எழுத உட்கார்ந்துவிட்டால் அப்பன்களுக்குக் கை அரிக்கும், ஒன்றே ஒன்று சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் ஒரு மெஷின் திடீரென்று கழிவாகத் தள்ள ஆரம்பித்தால் யாரும் மெஷினைத் திட்ட மாட்டோம். செட்டிங்கை யார் தொட்டது என்றுதான் முதலில் கேட்போம். யாராவது வந்து சூட்டைத் திருகியிருப்பான். அங்கே நீ இருபது வயசுப் பிள்ளைகளின் பெயருக்கு நேராக எண் எழுதப் போகிறாய். அந்த எண்ணை வைத்து ஒருத்தியை உட்காரவைப்பார்கள், ஒருத்தியை ஊருக்கு அனுப்புவார்கள். ஒரு பிள்ளைக்கு எண் இறங்கினால், பெஞ்சுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார். என்னை மாதிரி ஒரு ஆள் எல்லா ஊரிலும் இருப்பான். டிபன் கேரியரும் தூக்கிக்கொண்டு வந்திருப்பான், பாசமும் இருக்கும், அதுதான் தொல்லை.

எனக்கு இன்னும் சில விஷயம் தெளியவில்லை. நான் கத்தாமல் இருந்திருந்தால் நீ நித்யாவிடம் கொடுத்திருப்பாயா, அவள் போட்டிருப்பாளா, கப்பு வந்திருக்குமா, நீ தொடர்ந்து ஆடியிருப்பாயா, அப்படி ஆடியிருந்தால் இந்த வேலைக்கு ஐதராபாத் போயிருப்பாயா. ஒன்றை இழுத்தால் எல்லாம் வருகிறது. சேகரிடம் இதைக் கேட்டால் வருமான வரி என்பான். இது மன்னிப்புக் கடிதமா, விடைத்தாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எதுவோ, நீ மார்க் போடு.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமா வந்திருந்தான். சாப்பிட்டுவிட்டு, "மாமா, பஸ்ஸு" என்றான். எழுந்து நின்றேன், பழக்கம். கையும் தூக்கிவிட்டேன். அப்புறம், "மச்சான், அந்த பஸ்ஸ ஓட்டுனது பாப்பா இல்ல. பின்னாடி ஒருத்தன் நின்னுக்கினு விசில் மேல விசிலா அடிச்சான். அவ நிறுத்தத்தான் பாத்தா" என்றேன். அவன் சிரிப்பதற்காக வாயைத் திறந்து வைத்திருந்தான், அப்படியே என்னைப் பார்த்தான். "யாரு மாமா அவன்?" என்றான். சொன்னேன்.

உன் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மொத்தம் பதினெட்டு புள்ளி எண்பத்தெட்டு பொசெஷன், பன்னிரண்டு பாயிண்ட். இதை அப்படியே உன் பெயரில் எழுத எனக்குக் கை வரவில்லை. மறுபடி வீடியோவைப் போட்டு, அந்த ஆளின் குரல் வந்த பிறகு போனதை மட்டும் தனியாக எடுத்தேன். ஏழு ஷாட், பறிபோன பந்து இரண்டு. ஒன்பது பொசெஷன், அதில் விழுந்தது ஒன்றுதான், இரண்டு பாயிண்ட். அந்த ஒன்பதையும் உன் பெயரிலிருந்து கழித்து, அடியில் ஒரு கோடு போட்டு, என் பெயரை எழுதி அதற்கு நேராக வைத்திருக்கிறேன். கடைசிப் பந்தும் அதில் இருக்கிறது. பொசெஷன் உன் கையில் இருந்ததுதான், ஆனால் பத்திரம் என் பேரில். உனக்கு மிச்சம் ஒன்பது புள்ளி எண்பத்தெட்டு பொசெஷன், பத்து பாயிண்ட். வகுத்துப் பார்த்தேன், இரண்டு தடவை, அப்புறம் உன் அம்மாவும் பார்த்தாள். ஒன்றுக்கு மேலே வருகிறது. கொஞ்சம்தான் மேலே. ஆனால் மேலே.

டீமில் இல்லாத ஆளின் பெயரில் பொசெஷன் எழுத விதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. விதி தெரிந்தவள் நீ. இல்லையென்றாலும் அந்த வரியை அடித்துவிடாதே, இருந்துவிட்டுப் போகட்டும்.

சாப்பிட்டேன். சங்கரா மீன் குழம்பு.

அப்பா